கான்ட்ராவின் பல முகங்கள்

தொண்ணூறுகளில் கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் டிவியில் செருகிய மஞ்சள் கேசட்தான். அதில் முதலில் தேடியது கான்ட்ரா.

அந்தக் கான்ட்ரா ஒன்றல்ல. கொனாமி நிறுவனம் 1987இல் ஆர்கேடுக்குச் செய்த ஆட்டம், 1988இல் வீட்டுக்கு வந்தபோதே இரண்டாகப் பிரிந்தது. ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டு ஆட்டக் கருவிக்கு வந்த கேசட்டில் தனிச் சிப் ஒன்று இருந்தது. அதன் தயவில் காட்டு மரங்கள் அசைந்தன, பனிக்களத்தில் பனி விழுந்தது, கட்டங்களுக்கு இடையே வரைபடம் விரிந்தது. அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சிப் இல்லை. மரங்கள் அசையாமல் நின்றன.

ஐரோப்பாவில் மாற்றம் இன்னும் பெரிது. 1990இல் அங்கே பெயர் ‘புரோபோடெக்டர்’. வன்முறை ஆட்டங்கள்மீது ஜெர்மனி காட்டிய கெடுபிடியால் ஆட்டத்தின் நாயகர்களான பில்லும் லான்ஸும் ரோபோக்கள் ஆனார்கள். சட்டையில்லாத அந்த வீரர்கள் இல்லாமல் கான்ட்ராவுக்கு அழகேது!

நம்மூருக்கு வந்தவை பெரும்பாலும் நகல்கள். ஒரே கேசட்டின் பட்டியலில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருக்கும். திறந்தால் அதே கான்ட்ரா, தொடங்கும் கட்டமோ உயிர்களின் எண்ணிக்கையோ மட்டும் வேறாக இருக்கும். அதுவும் ஒரு பதிப்புதான், காப்பாற்ற வேண்டியதுதான்.

2019இல் கொனாமி வெளியிட்ட கான்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பில் ஜப்பானியப் பதிப்பும் இருக்கிறது. பழைய ரசிகர்கள் முதலில் அதை ஆடிப் பார்க்கட்டும்.