முதுகு இருந்த பொட்டிகள்

"அந்தக் காலத்து டிவி மாதிரி வருமா" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு லேசாக எரிச்சல் வரும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதற்குப் பிறகு வீடுகளுக்கு வந்த சாலிடேர், டயனோரா பெட்டிகளைத்தான் சொல்கிறார்கள். இரண்டுமே சென்னைக் கம்பெனிகள். இழுத்து மூடும் ஷட்டர், அதற்கொரு பூட்டு, கீழே நாலு கால். பீரோவுக்குத் தம்பி மாதிரி நிற்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரம் மரம் என்று நாம் உருகுவது பெரும்பாலும் பிளைவுட். படம் உருளும், மங்கும், தட்டினால் சரியாகும். இருபது வருஷம் உழைச்சுதுன்னு சொல்கிறவர்கள், அந்த இருபது வருஷத்தில் மெக்கானிக் எத்தனை முறை வந்து போனார் என்பதைச் சொல்வதில்லை.

என் கட்சி இதுதான்: கனமோ மரமோ அந்தப் பெட்டிகளின் தரம் இல்லை. நாலு ஸ்குரூவைக் கழற்றினால் முதுகு திறந்தது, அதுதான் தரம்.

இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி 2006இல் வந்த அரசு டிவி. அந்த வருஷத் தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, செப்டம்பர் 15 முதல் கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் கலர் டிவி. எல்காட் மூலம் வாங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். இலவசம் என்பதை வைத்து அப்போது அடித்த கிண்டலுக்குக் குறைவில்லை. வடிவமைப்பு என்று பார்த்தால் அதில் ஒன்றுமே கிடையாது: பிளாஸ்டிக் கூடு, பிக்சர் டியூப், ஒரே போர்டு. ஆனால் திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் தெருவில் அது சிமென்ட் ஷெல்ஃபில் கச்சிதமாக உட்கார்ந்தது. கெப்பாசிட்டர் உப்பினால் சில்லறைக் காசு. எல்.ஓ.டி. போனால் (டியூபுக்கு 20,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம் அது) பஜாரில் வேறு வாங்கி மாட்டினார்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருந்ததால் டிவிடி பிளேயரும் பிறகு செட்டாப் பாக்ஸும் அதிலேயே சேர்ந்தன. அழகியலே இல்லாத பொருள் இவ்வளவு வளைந்து கொடுத்தது.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டே, சுந்தரர் படி ஓலையைக் கிழித்துப்போட, கிழவர் சபையில் மூல ஓலையை எடுத்து நீட்டியது. பழைய மெக்கானிக்குகளிடம் இருந்த சர்க்யூட் படம் அப்படிப்பட்ட மூல ஓலை. அது கையில் இருந்தவரை பெட்டி அவர்கள் பேச்சைக் கேட்டது.

இப்போதுள்ள எல்.இ.டி. டிவியை நான் திட்டப்போவதில்லை. படம் ஒப்பிடவே முடியாத அளவு நல்லது, கரண்ட் குறைவு, 32 இன்ச்சை ஒரு ஆள் தூக்கலாம். என் சண்டை அந்த மெலிவோடு. மெலிய வேண்டும் என்பதற்காக என்னென்ன போனது என்று பாருங்கள். பல மாடல்களில் பின்னால் ஒளி தரும் பல்புகளை வரிசையாகக் கோர்த்திருக்கிறார்கள். ஒன்று போனால் மொத்த வரிசையும் இருட்டு, சத்தம் மட்டும் கேட்கும். அதை மாற்றலாம்தான். ஆனால் பேனலை அப்பளம் மாதிரி தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டு டிவியில் அப்படித் தூக்கும்போதுதான் விரிசல் விழுந்தது. "பேனல் போனா டிவி போச்சு தம்பி, புதுசு விலை ஆவும்" என்றார் மெக்கானிக். அவர் குரலில் வருத்தத்தைவிட அலுப்பு அதிகம்.

ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை. அது கீழேயோ பின்னாலோ பார்த்து முணுமுணுக்கிறது. அதனால் தனியாக சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார்கள். நடுவில் நின்ற ஸ்டாண்டும் போய், பல டிவிக்களில் இரண்டு ஓரத்திலும் குச்சிக் கால். பழைய மேசை பத்தாது, அகலமானது வேண்டும். நாங்களும் வாங்கினோம். பழைய மேசையில் இப்போது மிக்ஸி இருக்கிறது.