அலெக்ஸ் பேசக் கற்ற விதம்

ஒரே சொல்லை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னால் கிளி பேசிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹார்வர்டில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற ஐரீன் பெப்பர்பெர்க் வேறு வழியில் போனார். 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் அவர் வாங்கிய சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளியின் பெயர் அலெக்ஸ்.

அலெக்ஸுக்குப் பாடம் நடந்தது இரண்டு மனிதர்களுக்கிடையில். ஒருவர் காகிதத் துண்டைக் காட்டி, "இது என்ன?" என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் காகிதம் அவர் கைக்குப் போகும். தப்பினால் அதட்டல், காகிதமும் மறைந்துவிடும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்கு ஆசை வரும், போட்டியும் வரும். அது சொன்னால் பரிசு தின்பண்டம் அல்ல, அந்தக் காகிதமேதான். ஆசை தீரக் கிழிக்கலாம். இந்த முறையின் அழகே இதில்தான் இருக்கிறது.

உதடே இல்லாத பறவை 'ப' என்று ஒலிப்பது தனி வியப்பு. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒலி பிறக்கிறது. தடித்த நாக்கு அதற்கு உருக்கொடுக்கிறது.

அலெக்ஸுக்கு நூறு சொற்கள் வசப்பட்டன. இரண்டு பொருள்களைக் காட்டி "எது வேறு?" என்றால் நிறமா, வடிவமா என்று சொல்லும். எல்லாம் ஒன்றாக இருந்தால், "ஏதுமில்லை."

2007-இல், 31-ஆம் வயதில் இறக்கும்வரை பாடம் தொடர்ந்தது. அதன் வாழ்வின் பிற்பகுதியில், கிரிஃபின் என்ற இளைய கிளி தடுமாறும்போது, தெளிவாகச் சொல்லும்படி அலெக்ஸே குறுக்கிட்டு அதட்டும்.