வாட்போர்த் திரைப்படங்களும் பெருமித மெய்ப்பாடும்

ஊரப்பாக்கத்திலிருந்து நாள்தோறும் மின்தொடர்வண்டி ஏறி வந்து எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். அவர்தம் பாட்டனார் ‘நாடோடி மன்னன்’ படத்தை எத்தனை முறை காணினும் சலியாதவர். மாணவரோ சீனமொழியில் ஒரு சொல்லும் அறியார்; ஆயினும் ஹாங்காங்கில் எடுக்கப்பெற்ற பழைய வாட்போர்ப் படங்களை இரவெல்லாம் விழித்திருந்து கைப்பேசியிற் காண்கின்றார். இவ்விருவர் சுவையும் ஒன்றோ வேறோ என்பது அவர் வினா. வகுப்பிலிருந்தோர் நகைத்தனர்; யாம் நகைத்திலேம். அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

வாட்போர்ப் படங்களைக் குறித்து அறிஞரிடையே இருவகைக் கருத்து நிலவுகின்றது. அவை கொலை வெறியைக் கிளரும் எளிய பொழுதுபோக்கு என்பது ஒன்று. தமிழில் வந்தவை மேலைநாட்டுப் படங்களின் போலிகள் என்பது மற்றொன்று. பின்னதில் ஓரளவு உண்மையுண்டு. ‘சர்வாதிகாரி’ (1951), ‘உத்தமபுத்திரன்’ (1940, 1958), ‘நாடோடி மன்னன்’ (1958) ஆகியவற்றின் கதைக்கரு மேலைநாட்டினின்று வந்ததே. ஆயின் கதை எங்கிருந்து வந்தது என்பது வேறு. காண்போர் நெஞ்சில் அது எதனை எழுப்புகின்றது என்பது வேறு. இரண்டாம் வினாவிற்கு விடை கூறும் கருவி நம்மிடமே உளது. அதுவே தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியல்.

பெருமிதமும் வெகுளியும்

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் வீரச்சுவைக்கு உரியது பெருமிதம். அது பிறக்கும் நிலைக்களன்களாக அவர் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கனைக் கூறுவர். வெகுளிக்கு நிலைக்களன்களாவன உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. இப்பகுப்பினை ஊன்றி நோக்குக. கொலை பெருமிதத்துள் வைக்கப்படவில்லை, வெகுளியுள் வைக்கப்பட்டது. வீரத்தின் முதற்களனாக நின்றதோ கல்வி. கொல்லுதல் சினத்தை விளைக்கும்; கற்றலும் அஞ்சாமையும் புகழும் ஈகையுமே வீரத்தை விளைக்கும் என்பது இதனாற் பெறப்படும். வாட்போர்ப் படத்தின் கவர்ச்சி, வெகுளியிற் தொடங்கிப் பெருமிதத்தில் முடியும் இயக்கத்திலே உளது என்பது எம் துணிபு.

இதற்கு இலக்கியமாக அமைந்தது, சாங் செ இயக்கி 1967-இல் ஹாங்காங்கில் வெளிவந்த ‘ஒற்றைக்கை வாள்மறவன்’. ஆசிரியன் மகள் சினத்தால் மாணவனாகிய கதைத்தலைவனின் வலக்கையைத் துணித்துவிடுகின்றாள். இஃது உறுப்பறை. காண்போர் உள்ளத்தில் வெகுளி மூள்கின்றது, பழிவாங்குதலை எதிர்நோக்குகின்றனர். ஆயின் கதை அவ்வழிச் செல்லவில்லை. தன்னைக் காத்த பெண்ணொருத்தி தந்த, பாதி எரிந்துபோன ஒரு சுவடியையும், தந்தை விட்டுச்சென்ற முறிந்த வாளையும் கொண்டு, அவன் இடக்கையாற் பொருதலைப் புதிதாகக் கற்கின்றான். இது கல்வி. பின்னர், தன் கையைத் துணித்தவளையும் அவள் குடும்பத்தையும் பகைவரிடமிருந்து அவனே காக்கின்றான். இது கொடை. ஆசிரியன் தலைமை நல்க முன்வந்தும் ஏலாது, தன்னைக் காத்த பெண்ணுடன் உழுதுண்டு வாழப் போகின்றான். படம் முடிந்தபின் நெஞ்சில் நிற்பது சிந்திய குருதி அன்று. அவன் கொள்ள மறுத்த பழியே ஆம்.

கல்வியாகிய வாள்

தமிழ்ப்படத்தின் வாட்போரும் சீனப்படத்தின் வாட்போரும் பிறந்த இடம் ஒன்றே, அது நாடகமேடை. ம. கோ. இராமச்சந்திரனும் பி. யு. சின்னப்பாவும் இளமையில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் பயின்றவர். அவ்வாறே ‘என்னுடன் மது அருந்த வா’ (1966), ‘டிராகன் விடுதி’ (1967) ஆகியவற்றை இயக்கிய கிங் ஹூ, பீகிங் இசைநாடகத்தின் அடிவைப்பையும் தாளத்தையும் திரைக்குக் கொணர்ந்தார். முன்னதன் தலைவியாக நடித்த செங் பெய்பெய் நடனம் பயின்றவர். ஆதலின் அப்படங்களிற் போர் என்பது ஆடலே. தாளம் நிற்கும்; இருவரும் அசையாது நிற்பர்; கண்கள் மட்டும் அளக்கும்; பின் ஒரே வீச்சு. காண்போர் வியப்பது விழுந்தவனை அன்று, வீசியவன் பயிற்சியை.

இது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறும் பதினோராடலுள் மல்லும் துடியும் மரக்காலும் போரின்கண் தோன்றிய ஆடல்களே. போரினை ஆடலாக்கிக் கண்ட மரபில் வந்தோர்க்கு, மொழியறியாச் சீனப்படம் விளங்குவதில் வியப்பென்னை?

வாளை மீளக் கொடுத்தல்

தமிழ் வாட்போர்ப் படங்களிற் பன்முறை வரும் காட்சி ஒன்றுண்டு. பகைவன் வாள் தெறித்து வீழ்கின்றது. தலைவன் அவனைக் குத்தாது, அவ்வாளைத் தன் வாள்முனையால் எடுத்து அவனிடமே எறிந்து, மீளவும் பொருமாறு அழைக்கின்றான். கொட்டகையில் ஆரவாரம் மிகுவது அவ்விடத்தே. பகைவன் வீழும் இடத்திலன்று. இதனைப் படத்தினர் கையாளும் உத்தி என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. புறப்பொருள் வெண்பாமாலை, தோற்றுப் புறங்கொடுப்பார்மேல் வாளோச்சாத தறுகண்மையைத் தழிஞ்சி எனத் துறையாக வகுத்தது. திருவள்ளுவர் படைச்செருக்கில், பகைவர்க்கு ஓர் இடர் வந்துழி உதவும் பண்பினையே ஆண்மையின் கூர்மையாகக் கண்டார். பரிமேலழகர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, படையிழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை இராமன் மறுநாள் வருமாறு விடுத்த நிகழ்ச்சி. கொட்டகையின் ஆரவாரம் இந்நெடிய மரபின் எதிரொலி என்க.

சீனரும் இக்கருத்தினரே. போர்த்திறத்தைக் குறிக்கும் ‘வூ’ என்னும் எழுத்தினை, ‘ஈட்டியை நிறுத்துதல்’ எனப் பொருள்படப் பிரித்துக் காட்டும் விளக்கம் அவர்தம் பழநூலாகிய சோ சுவானில் உளது.

வேறுபாடு

ஒற்றுமை இவ்வளவாக, வேறுபாடும் உண்டு. அது மூன்றாம் களனாகிய இசைமையிற் காணப்படும். கி.மு. முதல் நூற்றாண்டளவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் சிமா சியென், அலைந்து திரியும் மறவர்க்கு மூன்று பண்புகளைக் கூறினார்: சொன்னசொல் தவறாமை, உயிரைப் பொருட்படுத்தாமை, செய்த உதவியைச் சொல்லிக்கொள்ள நாணுதல். சீனத் தலைவன் புகழினின்று விலகுவான். ‘ஆறும் ஏரியும்’ என அவர் வழங்கும், அரசிற்குப் புறம்பான உலகிலே மறைவான். தமிழ்த் தலைவனோ புகழ் வேண்டுவான். வாளோடு சொல்லும் வீசுவான். இறுதியில் அரசிருக்கை நோக்கி வருவான். ‘நாடோடி மன்னன்’ படத்தில் மன்னனுக்கு மாற்றாக அமரும் எளிய வீராங்கன், மக்களுக்கெனச் சட்டங்கள் வகுக்கின்றான். அதில் நடித்து இயக்கியவர் 1977-இல் தமிழக முதலமைச்சர் ஆனமையை நினையுமிடத்து, இவ்விசைமை திரையோடு நின்றதன்று என்பது விளங்கும்.

ஈண்டே இருமரபின் குறையும் வெளிப்படும். இசைமை மிகுந்துழித் தமிழ்ப்படத்திற் கொடை தன் விளம்பரமாகத் தேய்ந்தது. சாங் செயின் பிற்காலப் படங்கள் பலவற்றிற் குருதி பெருகிப் பெருமிதம் மீண்டும் வெகுளிக்குள் வீழ்ந்தது. பெண்ணுக்கு வாள் தந்த வகையிற் சீனப்படம் நம்மினும் மேம்பட்டது. 1937-இல் ‘மின்னல்கொடி’யில் கே. டி. ருக்மணி தோன்றிய வழி பின்னர்த் தமிழிற் பெரிதும் தூர்ந்து போயிற்று.

இலக்கணத்தைத் திரைப்படத்தின்மேல் வலிந்தேற்றுதல் ஆகாதோ எனின், ஆகாது. மெய்ப்பாடு ஆடலரங்கோடு தொடர்புடையது என்பதைப் பேராசிரியர் உரையும் உணர்த்தும், அரங்கு இன்று திரையாயிற்று, அவ்வளவே. பத்துப்பேர் வீழ்ந்தாற் போதும் என்று எடுக்கப்பெறும் இன்றைய படங்களை அளத்தற்கும் இவ்வளவுகோலே பயன்படும். அவற்றிற் கொலை மிகுதி, கற்றல் இல்லை, மீளக் கொடுக்கப்படும் வாளும் இல்லை. ஆதலின் அவை வெகுளியைக் கிளர்ந்து அமைவன அன்றிப் பெருமிதத்தை எய்துவன அல்ல.

மாணவர்க்கு யாம் கூறிய விடை இதுவே: பாட்டனார் சுவையும் பெயரர் சுவையும் களனால் ஒன்று, இசைமையின் நிலையால் வேறு. இருவரும் ஒருங்கிருந்து இருவகைப் படமும் காண்பாராயின், வாள் ஓங்கப்படும் இடத்தினும் அது நிறுத்தப்படும் இடத்திலேயே இருவர் உள்ளமும் ஒருசேரக் களிப்பதை உணர்வர்.