மண் குவளையும் தோல் பந்தும்

“ஆடுகளத்தில் சாதி இல்லை, ஆற்றல் ஒன்றே அங்கு அளவுகோல்!” பள்ளி விளையாட்டு விழாதோறும் மேடையேறுவோர் தவறாது மொழியும் மணிமொழி இது. ஆசிரியன் என்ற முறையில் நானும் ஆண்டுதோறும் கேட்கிறேன், கையும் தட்டுகிறேன். பொய்யன்று அம்மொழி, அரை உண்மை. மறு பாதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

போட்டி என்பது யாது? ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே விதியால் அளந்து, பிறப்பு எதுவெனக் கேளாமல், வென்றவனை வென்றவன் என்று ஒப்புவது. ஒப்புகிறோம், ஆட்டம் முடியும் வரை! முடிந்தபின்? அதற்கு விடை பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையில் இருக்கிறது.

1876இல் பிறந்தவர், தோல் தொழில் செய்யும், தீண்டப்படாதது என ஒதுக்கப்பட்ட குலத்தவர். பூனாவில் வெள்ளையர் சங்கத்தில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் செப்பனிடும் ஊழியர். துரைமாருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசினார், மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காக! மட்டையை மட்டும் அவர் கையில் கொடுத்தாரில்லை. வியர்வை சிந்தும் வேலை ஊழியனுக்கு, அடித்து மகிழும் உரிமை எசமானுக்கு. கடல் கடந்து வந்தவர்களும் நம் நாட்டு வருணப் பாடத்தை எவ்வளவு விரைவில் கற்றுக்கொண்டார்கள், பாருங்கள்!

வெள்ளையரை வெல்லும் வேட்கை பூனா இந்துக்களுக்குப் பிறந்தது. பாலுவின் இடக்கைச் சுழல் தேவைப்பட்டது. அழைத்தனர், ஆடினார். தோலால் ஆன பந்து. தோல் தொழிலாளர் குலத்தவர் வீசிய பந்து. அதை மேல்சாதி இளைஞர் தாவிப் பிடித்தனர், தடுத்தனர், திருப்பி எறிந்தனர். தீட்டு ஒட்டவில்லை! இடைவேளை வந்தது. மற்றவர்க்குக் கூடத்துக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர். அவருக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில். பத்து நிமிடத்துக்கு முன் பந்தில் ஒட்டாத தீட்டு, கோப்பையில் எப்படி ஒட்டியது? எந்தச் சாத்திரி இதற்கு விடை சொல்வார்?

பம்பாயில் அந்நாளில் நடந்த பெரும் போட்டியே மதத்தின் பெயரால் பிரிந்து நின்றதுதான். வெள்ளையர், பார்சி, இந்து, 1912இல் முஸ்லிம், 1937இல் ‘ஏனையோர்’. (மனிதரைக் கூட்டமாகச் சேர்த்து ‘ஏனையோர்’ என்று பெயரிட்டதும் ஒரு பண்பாடுதான் போலும்!) 1940இல் காந்தியார் கண்டித்தும், 1946 வரை நடந்தது. இந்து அணி என்றால் யார் இந்து? வெற்றி வேண்டியபோது பாலுவும் இந்து. 1906இல் அவரும் தம்பி சிவராமும் ஆடிய அணிதான் வெள்ளையரை வீழ்த்தியது. 1911இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவர் பாட்டியாலா மன்னர். அவர் ஆடியது சில ஆட்டங்களே. பாலு சாய்த்த விக்கெட்டுகளோ 114!

இத்தகையவர்க்கு இந்து அணியின் தலைமை கிடைத்ததா? இல்லை. இதைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பந்து வீசுவது தொண்டு. தொண்டைக் கீழோரிடமிருந்து பெறுவதில் மேலோர்க்கு என்றும் தயக்கமில்லை. தலைமை என்பதோ ஏவல். ‘நீ அங்கே நில், நீ இங்கே வா’ என்று பாலு சொல்ல, பார்ப்பனர் கீழ்ப்படிய வேண்டும். கோப்பையைத் தந்தவர்கள்கூட, அந்தச் சொல்லைத் தர அஞ்சினர்.

1920இல் பாலுவுக்கு அணியில் இடமே மறுக்கப்பட்டது; தலைமையும் குலப்பெருமை கொண்டோருக்கே சென்றது. தம்பியர் விட்டலும் சிவராமும் வெகுண்டு அணியைவிட்டு விலகினர். அதன் பின்னரே பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு கோப்பையும் அவ்வணிக்கே வந்தது.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, விளையாட்டு சாதியை ஒழித்துவிட்டது” என்பாரும் உளர். காலத்தைக் கணக்கிடட்டும்! 1906இல் வெற்றி தந்தனர், 1911இல் விக்கெட் குவித்தனர், கதவு அசையவில்லை. 1920இல் “ஆடமாட்டோம்” என்றனர். மூன்றே ஆண்டில் திறந்தது.