உருட்டும் தேரும் காட்சித் தேரும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியனவாகப் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் உள்ளன. இரண்டிலும் குழந்தைகளின் விளையாட்டுத் தேர் உருண்டு செல்கிறது. பட்டினப்பாலையில் அது மூன்று சக்கரம் உடையது, குதிரை பூட்டாதது. உலர வைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியை நோக்கி மகளிர் எறிந்த காதணி அதன் வழியில் கிடந்து தடுக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவது தச்சர் செய்த தேர். அதனைப் புலவர் சிறப்பிக்கும் முறை நோக்கத்தக்கது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி அது செய்யப்பட்டதாம்; ஏறிச் செல்வதற்கு உரியது அன்றாம். நாள்தோறும் மரமும் உளியும் பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஒன்றைக் கண்டு ஆசைப்பட வேண்டுமாயின் அதில் வேலைப்பாடு நன்றாக இருத்தல் வேண்டும். ஏறிச் செல்ல உதவாத ஒன்று தேர் என்னும் பெயருக்கு உரியதாக வேண்டுமாயின், அதனை உருட்டும் சிறுகை ஒன்று வேண்டும். விளையாட்டுப் பொருளை மதிப்பிடுவதற்கு இவ்விரண்டினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது.

இவ்வளவுகோலைக் கொண்டு ஆராயத்தக்கது ஜெர்மானிய நாட்டு மெர்க்லின் கம்பெனியின் பொம்மைப் புகைவண்டி. உலகெங்கும் பெயர் பெற்ற அக்கம்பெனி, தன் 150ஆம் ஆண்டில் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் வாயிலில் நின்றது. அது உயர்ந்தது எதனால், தாழ்ந்தது எதனால் என்பது பற்றிப் பலரும் ஒரே விடை சொல்லிப் பழகிவிட்டனர். அவ்விடை போதுமானதா என்பதே ஈண்டு வினா.

தென் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்குக் கிழக்கே, கெப்பிங்கன் என்றொரு சிற்றூர். அங்கே 1859இல் தியோடோர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் மெர்க்லின் என்னும் தகரவேலைக்காரர் பட்டறை ஒன்று தொடங்கினார். அவர் முதலில் செய்தது புகைவண்டி அன்று; பொம்மை வீட்டு அடுப்படிக்கு வேண்டிய தட்டுமுட்டுகள். நம் வீடுகளில் சொப்பு என்கிறோமே, அதுதான். மரத்துக்குப் பதிலாகத் தகரம். 1866இல் அவர் இறந்துபோக, மனைவி கரோலின் தொழிலைக் கைவிடாது காத்தார். பெண்கள் தனித்துப் பயணம் செய்தல் அரிதாயிருந்த அந்நாளில், தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்று வந்தார். மெர்க்லின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சின்களின் படங்களைப் பக்கம் பக்கமாக இடுகின்றனர். இவ்வம்மையாருக்கு ஒரு பத்தி ஒதுக்கி அப்பால் செல்கின்றனர். இவர் இல்லையேல் பின்னால் வந்த எஞ்சின் ஒன்றும் இல்லை.

சொப்பு விற்றவர்க்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். சொப்பு ஒரே நாளில் வாங்கி முடியும் பொருள் அன்று. இவ்வாண்டு அடுப்பு வந்தால் அடுத்த ஆண்டு அதற்கேற்ற சட்டி வேண்டும். அதன் பின் கரண்டி. பொருளுக்குப் பொருள் பொருந்தும் அளவு வேண்டும். 1888இல் தொழில் மக்கள் கைக்கு வந்தது. எல்வாங்கன் ஊரிலிருந்த லுட்ஸ் என்பாரின் பொம்மைத் தொழிலை 1891இல் வாங்கினர். அவ்வாண்டே லைப்சிக் நகரச் சந்தையில், எண் 8இன் வடிவில் தண்டவாளம் அமைத்து, சாவி கொடுத்தால் ஓடும் புகைவண்டி ஒன்றைக் காட்டினர். வண்டி புதிதன்று, பொம்மைப் புகைவண்டிகள் முன்னரே இருந்தன. தண்டவாளத்தின் அகலத்தை 1, 2, 3 என எண்ணிட்டு வரையறுத்ததே புதிது. பின்னர் இன்னும் சிறியதற்கு 0 என்று பெயர் வந்தது. 1 என்பது 45 மில்லிமீட்டர். 0 என்பது 32. ஒரு பிறந்த நாளுக்கு வாங்கிய தண்டவாளத்தோடு மறுபிறந்த நாளுக்கு வாங்கியது பொருந்தும். அண்ணனின் வண்டி தம்பியின் பாதையில் ஓடும். பிற கம்பெனிகளும் இவ்வளவுகளையே மேற்கொண்டன.

தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அசையும் சீரும் தளையும் வகுத்தபின் யார் வேண்டுமாயினும் வெண்பாப் பாடலாம். வகுக்காவிடில் ஒருவர் பாடியதோடு மற்றொருவர் பாடியது இசையாது. மெர்க்லின் தந்தது ஒரு பொம்மை அன்று, பொம்மைக்கு யாப்பு. அதன் பெருமையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

லைப்சிக்கில் அந்த எட்டு ஓடிய காலத்தில், இங்கே மூவாரின் மெய்யான புகைவண்டியும் ஓடத் தொடங்கியிருந்தது. பந்தார் மகாராணிக்கும் பாரிட் ஜாவாவுக்கும் இடையே ஓடிய அது 1929இல் நின்றுபோயிற்று. மூவாருக்கு இன்று புகைவண்டி இல்லை. கெப்பிங்கன்காரர் வகுத்த 45 மில்லிமீட்டர் மட்டும் இன்றும் உலகத்தில் வழங்குகிறது.

1935இல் அடுத்த பெரிய அடி. 0 அளவில் ஏறத்தாழப் பாதி, 16.5 மில்லிமீட்டர், பின்னாளில் H0 என்று பெயர் பெற்றது. அரைச் சுழி என்று பொருள். மெய்வண்டியில் 87இல் ஒரு பங்கு. தரை முழுதும் அடைத்துக்கொண்டிருந்த வண்டி மேசைமேல் ஏறிற்று. இதில் மெர்க்லின் தனித்து நிற்கவில்லை. நூரம்பர்க் நகரில் ஸ்டீபன் பிங் என்பார் அதே 1935இல் டிரிக்ஸ் என்னும் மேசைப் புகைவண்டியை வெளியிட்டார். உலகிலேயே பெரிய பொம்மைத் தொழிற்சாலை என்று பெயர் பெற்றிருந்த பிங் குடும்பத்தாரின் கம்பெனி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே முறிந்து போயிருந்தது. அவர் யூதர். நாஜி ஆட்சியில் டிரிக்ஸையும் 1938இல் விற்றுவிட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. மெர்க்லினின் போட்டியாளர் எல்லாரும் வேலைத் திறத்தில் தோற்று விலகியவர் அல்லர் என்பதை மறத்தல் தகாது. அந்த டிரிக்ஸ் பல கை மாறி 1997இல் மெர்க்லினிடமே வந்து சேர்ந்தது.

இனி வேலைப்பாடு. 1950களில் மெர்க்லின் செய்த தகரப் பயணிப் பெட்டிகளின் நீளம் 24 சென்டிமீட்டர். மெய்ப் பெட்டியோ 26.4 மீட்டர், 87ஆல் வகுத்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆறு சென்டிமீட்டர் எங்கே போயிற்று? மேசைமேல் வண்டி திரும்புவதற்கு மெர்க்லின் வைத்த வளைவின் ஆரம் 36 சென்டிமீட்டர். அவ்வளவு குறுகிய வளைவில் முழு நீளப் பெட்டி திரும்பினால் அதன் நடுப்பகுதி ஒரு பக்கமும் முனைகள் மறுபக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்கச் சகிக்காது. எனவே பெட்டியைச் சுருக்கினர். உயரத்தையும் அகலத்தையும் தொடவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது பொய்யாகத் தோன்றுவதில்லை. எதைக் குறைத்தால் உரு கெடாது என்று அறிந்து குறைப்பது கலைஞன் தொழில். அளந்து வைப்பவன் தொழில் வேறு. சுவிட்சர்லாந்து மலைப்பாதையில் ஓடிய, முதலை என்று செல்லப்பெயர் பெற்ற நீண்ட மூக்கு எஞ்சினை 1947இல் இச்சிற்றளவில் வார்த்தபோதும் இதே துணிவு இருந்தது. எடையுள்ள உலோக வார்ப்பு. விழுந்தாலும் எளிதில் உடையாது. எடுக்கும் சிறுவனுக்குக் கை நிறையும். உருத்திரங்கண்ணனார் கேட்ட இரண்டும் அதில் இருந்தன.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 1970களுக்குப் பிறகு பெட்டிகள் நீண்டன, ஆணிகளின் தலைகள் எண்ணப்பட்டன, கைப்பிடிகள் மயிரிழையாயின. 1972இல் 220இல் ஒரு பங்கான மிகச் சிறிய வண்டி வந்தது. தண்டவாளத்தின் அகலம் 6.5 மில்லிமீட்டர். வியக்கத்தக்க வேலை, சிறுவர் கைக்கு ஏற்றதன்று. 1980களின் நடுவில் ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே செலுத்தும் மின்னணு முறை வந்தது. ஒவ்வொன்றும் திறமைக்குச் சான்று. ஒவ்வொன்றிலும் விலை ஏறிற்று. நல்ல எஞ்சின் ஒன்றின் விலை நம் கணக்கில் ஆயிரம் வெள்ளிக்கு மேற்சென்றது. வாங்குவோர் யாவர்? சிறு வயதில் நீராவி எஞ்சினைக் கண்டு வளர்ந்து, இப்போது தலை நரைத்த ஆடவர். மேற்கு ஜெர்மனியின் அரசாங்கப் புகைவண்டிகளில் நீராவி 1977இல் நின்றது. சக்கரமும் தண்டும் வெளியே தெரிய மூச்சுவிட்டு ஓடிய எஞ்சினைப் பார்த்தறியாத பிள்ளைக்கு அதன் பொம்மை மேல் ஆசை பிறக்க வேறொரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியைக் கம்பெனி தேடாமல், ஏற்கெனவே ஆசை உள்ளவர்க்கே மேலும் மேலும் நுணுக்கமாகச் செய்து கொடுத்தது. வண்டி மேசையிலிருந்து கண்ணாடி அலமாரிக்குச் சென்றது. கெப்பிங்கனில் இருந்த கம்பெனியின் காட்சிசாலையில் 2005இல் திருடர் புகுந்து எடுத்துச்சென்ற பழைய பொம்மைகளின் மதிப்பு பத்து இலட்சம் யூரோவுக்கு மேல். நகைக்கடையில் புகவேண்டியவர் பொம்மைக் காட்சிசாலையில் புகுந்தனர் என்றால் பொம்மை எதுவாகிவிட்டது என்பது விளங்கும்.

நம் பிள்ளைத்தமிழிலும் இத்தகைய நோய் உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதியில் சிறுதேர்ப் பருவம் வருகிறது. பிற்காலத்துச் சிலவற்றில் தேரின் மணியும் கொடியும் மாணிக்கமும் தெரிகின்றன. உருட்டும் குழந்தை தெரிவதில்லை. வடமொழியில் சூத்திரகர் செய்த நாடகத்தை, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மண்ணியல் சிறுதேர் எனத் தமிழாக்கினார். அதில் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் தேரைக் கண்ட சிறுவன், தனக்குக் கிடைத்த மண் தேர் வேண்டாம் என்று அழுகிறான். மெர்க்லின் செய்த பிழை பொன் தேர் செய்தது அன்று. அதனருகே மண் தேர் ஒன்றும் வையாமல் விட்டதே.

பலரும் சொல்லும் விடை, கணினி விளையாட்டு வந்து பொம்மைப் புகைவண்டியைக் கொன்றது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. வேறு கம்பெனிகளும் அக்காலத்தில் தள்ளாடின. தோட்டத்தில் ஓடும் பெரிய வண்டியை 1968 முதல் அந்த 45 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓட்டிய லேமன் கம்பெனி 2006இல் முறிந்து, மறு ஆண்டு மெர்க்லின் கைக்கு வந்தது. நூரம்பர்க்கின் பிளைஷ்மன் குடும்பம் 2008இல் தன் கம்பெனியை விற்றது. ஆயினும் அமெரிக்காவின் லயனல் 2004இல் நீதிமன்றப் பாதுகாப்புத் தேடியதற்குப் போட்டிக் கம்பெனியுடனான வழக்கு காரணமாயிற்று; கணினிக்கு அதில் பங்கில்லை. மெர்க்லினின் கணக்கும் வேறு கதை சொல்கிறது. மூன்று குடும்பங்களின் வழிவந்தோர் 2006இல் அதனை கிங்ஸ்பிரிட்ஜ் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றனர்; கோல்ட்மன் சாக்ஸ் வங்கியும் உடன் நின்றது. புதிய உடைமையாளர் ஆலோசகர்களை அழைத்து வந்தனர். ஆலோசனைக்கே பெருந்தொகை சென்றது. தொழில் கற்றவர் செய்த பொருளை, தொழில் கல்லாதவர் சீர்செய்யப் புகுந்தனர். 2009 பிப்ரவரியில், நூரம்பர்க் பொம்மைச் சந்தை தொடங்கும் தறுவாயில், கம்பெனி கடன் தீர்க்க இயலாது என்று அறிவித்தது. திவால் நிர்வாகியின் கையில் அதே எஞ்சின்களை விற்று விரைவிலேயே இலாபமும் கண்டது. கணினியால் இறந்ததாயின் இவ்வளவு விரைவில் எழுந்து உட்காருமா?

வேறொரு பழியும் உண்டு. பிற கம்பெனிகள் இரு தண்டவாளத்தில் நேர்மின்சாரம் செலுத்த, மெர்க்லின் மட்டும் மாறுமின்சாரத்தையும் நடுவே ஒரு தொடுமுனை வரிசையையும் விடாது பற்றியது. ஊரோடு ஒத்து வாழாமல் கெட்டது என்பர். இது நியாயமன்று. அம்முறையில் பாதையை எவ்வாறு வளைத்து மீண்டும் தன்னோடு சேர்த்தாலும் மின்னோட்டம் மோதிக் கெடுவதில்லை. எட்டு வயதுச் சிறுவன் தன் விருப்பம்போல் தண்டவாளம் போட்டு விளையாடத் தகுந்த முறை அதுவே. கம்பெனி குழந்தையை மறந்துவிட்ட காலத்திலும், அதன் தண்டவாளம் மறக்கவில்லை.

பெரிய செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றில் குலை ஏற்றிச் செல்லும் சிறு தண்டவாளம் இருந்தது. அதனைப் பார்த்த பிள்ளைகள் சார்டின் டின்களைக் கம்பியால் கோத்து, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக்கி, நூல் கட்டி இழுத்தனர். அவ்வண்டிக்கு அளவும் இல்லை, யாப்பும் இல்லை; ஒருவன் செய்தது மற்றவன் செய்ததோடு பொருந்தாது. ஆனால் ஒரு நாளும் அலமாரிக்குச் சென்றதில்லை. மெர்க்லினிடம் இருந்தது அதில் இல்லை; அதில் இருந்ததை மெர்க்லின் தொலைத்தது.

2013இல் மெர்க்லினை வாங்கியது சிம்பா டிக்கி என்னும் குழுமம். மலிவான பிளாஸ்டிக் கார்களும் பொம்மைகளும் செய்து பொருள் ஈட்டிய சீபர் குடும்பத்தாருடையது. உயர்ந்த எஞ்சின் சேர்த்து வைத்தோர் சிலர் முகம் சுளித்தனர். அதற்குச் சற்று முன்னரே கம்பெனி மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு வரிசை தொடங்கியிருந்தது. அதன் பெட்டிகள் பிளாஸ்டிக்; காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மின்கலத்தால் ஓடும். ஆணித்தலை ஒன்றும் அதில் இல்லை. தண்டவாளத்தின் அகலம் அதே 16.5 மில்லிமீட்டர்; பின்னாளில் உலோக எஞ்சின் வந்தால் அதற்கேற்ற பாதைக்கு இப்பெட்டிகளையே கொண்டு செல்லலாம்.