விசைக் கவசமும் உள்ளிருக்கும் மனிதனும்

விஞ்ஞானப் புனைகதைகள் படைத்த கற்பனைப் பொருள்களுள் விசைக் கவசத்தைப் போல் வாசகர் நெஞ்சில் ஊன்றி நின்றவை மிகச் சிலவே. கவசம் என்னும் நம் சொல்லுக்குக் காப்பு என்பதே பொருள். அணிந்தவனின் ஆற்றலைப் பன்மடங்காக்குவது என்னும் கருத்து அதில் இல்லை. அந்தப் புதுக் கருத்தை நிலைபெறச் செய்தது, அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1959இல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்னும் நாவலாகும்.

அந்நாவலின் நாயகன் ஜுவான் ரிக்கோ அணியும் கவசம் ஏறத்தாழ 2000 ராத்தல் எடையுள்ளது. ஆயினும் அவன் அதைச் சுமப்பதில்லை. அதுவே அவனைச் சுமக்கிறது. உட்புறத்தில் பதிந்துள்ள நூற்றுக்கணக்கான உணர்கருவிகள் அவன் உடலின் அழுத்தத்தை அறிகின்றன. அவன் கை எழுந்தால் கவசத்தின் கையும் எழுகிறது. ஊர்தியைப் போல் ஓட்ட வேண்டிய பொருளன்று அது. ஆடையைப் போல் அணிய வேண்டியது. இந்த நுட்பத்தில்தான் அதன் கவர்ச்சி முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் கருத்து. பீரங்கி வண்டிக்குள் இருப்பவன் இயந்திரத்தை இயக்குகிறான். கவசத்துக்குள் இருப்பவனோ தானே பேருருக் கொண்டதாக உணர்கிறான்.

இது எளிதில் கைகூடும் காரியமன்று. 1965இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமன்' என்ற பெயரில் இத்தகையதோர் இயந்திரச் சட்டகத்தைச் செய்ய முனைந்தது. முழு இயந்திரத்தையும் ஒருங்கே இயக்க முயன்றபோது, அது கட்டுக்கடங்காமல் உதறியது. ஒரு கையைத் திருந்த இயக்கிக் காட்டியதோடு அம்முயற்சி நின்றது. மனிதனின் சிறு அசைவைப் பின்பற்றுவது மலையைத் தூக்குவதினும் கடினம் போலும்!

ஹைன்லைன் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர்; காசநோயால் 1934இல் பணியினின்று நீங்கியவர்; போர்க்களத்தைக் கண்டவரல்லர். கவசத்தின் ஆற்றலை இவ்வளவு சுவையாக வருணிக்கும் அவர், அதற்குள் இருப்பவன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்னும் வினாவை விரைந்து கடந்துவிடுகிறார். அவ்வினாவை எடுத்துக்கொண்டவர் ஜோ ஹால்டிமன். இவர் வியட்நாம் போரில் படுகாயமுற்றுத் திரும்பியவர். 1974இல் வெளிவந்த இவரது 'தி ஃபாரெவர் வார்' நாவலிலும் வீரர்கள் விசைக் கவசம் பூணுகின்றனர். ஆனால் அங்கே கவசம் பெருமிதம் தருவதில்லை, அச்சமே தருகிறது. உறைகுளிர்க் கோள் ஒன்றில் பயிற்சி பெறும்போதே, பகைவனைக் காணுமுன்னரே, சிலர் மடிகின்றனர். நாயகன் மண்டெல்லாவின் கால் சிதைந்தபோது, கவசம் அவனைக் கேளாமலே அக்காலைத் துண்டித்து, காயத்தை மூடி உயிரைக் காக்கிறது. அணிந்தவனுக்கு ஏவல் செய்த ஆடை, அவன் உடலின் மீதே ஆணை செலுத்தும் இடம் அது. இந்த ஒரு காட்சிக்கு ஹைன்லைனின் வருணனைப் பக்கங்கள் அத்தனையும் ஈடாகா.

சித்திரக் கதைகளில் 1963இல் தோன்றிய 'அயர்ன் மேன்' பற்றியும் ஒரு சொல். அதன் நாயகன் ஆயுத உற்பத்தியாளன். வியட்நாமில் வெடித்த கண்ணியின் சிதறல் அவன் இதயத்தை நெருங்கி நிற்கிறது. மார்புத் தகட்டைக் கழற்றினால் உயிர் போகும். பின்னாளில் பூசப்பட்ட பொன்னும் சிவப்பும் அல்ல, இந்த ஊனமே அக்கவசத்தை மறக்க முடியாததாக்கியது.

ஹைன்லைனின் நாவலை 1997இல் பால் வெர்ஹோவன் திரைப்படமாக்கியபோது, விசைக் கவசத்தை அடியோடு விட்டுவிட்டார். நாவலின் அன்பர்கள் சினந்ததில் நியாயம் உண்டு. எனினும், பூச்சிகளின் கால்களில் கிழிபட்டு மடியும் அந்த இளைஞர்களைக் காண்கையில், ஹைன்லைனின் எஃகு எவற்றை நம் கண்ணுக்கு மறைத்திருந்தது என்பது விளங்குகிறது.

ஹால்டிமனோ கவசத்தைக் களையவில்லை. அவரது நாவலின் இறுதிப் போரில், மின்விசை ஆயுதம் எதுவும் இயங்காத ஒரு மண்டலத்துக்குள் வீரர்கள் சிக்குகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட போரின் முடிவில், விண்கலத்தில் வந்தவர்கள் வாளும் வில்லும் ஏந்தி நிற்கின்றனர்.