பலாச்சுளையும் முத்தும்: கணக்கதிகாரத்தை மீள வாசித்தல்

கணிதம் இயற்கையில் ஏற்கெனவே இருப்பதா, அல்லது மனிதன் உண்டாக்கிக் கொண்டதா? இக்கேள்வி எழும் போதெல்லாம் எமது எழுத்தாளர்கள் பிதாகரஸையோ ராமானுஜனையோ துணைக்கு அழைக்கிறார்கள். தமிழிலேயே உள்ள ஒரு பழைய நூலை முன்வைத்தும் இதைக் கேட்கலாம். கொறுக்கையூர்க் காரி நாயனார் செய்யுளில் இயற்றிய கணக்கதிகாரமே அந்நூல். அதைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவோர் பலர். ஒரு பிரதியாக எடுத்து விசாரிப்போர் சிலரே.

அந்நூலில் மூன்று வகையான செய்திகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, அளவைகள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இரண்டாவது, விதிகள். வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்பது இவ்வகை. மூன்றாவது, இயற்கை பற்றிய சூத்திரங்கள். பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ணும் வழி இவற்றுள் புகழ்பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பிரிக்க வேண்டும். வருவது சுளைகளின் தொகை.

எனது ஊர் மன்னார் மாவட்டத்துப் பெரியமடு. வயலும் குளமும் சார்ந்த வாழ்க்கை. பலாப்பழம் அங்கே அபூர்வம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் வந்து சேர்ந்தோம். பலாப்பழத்தை அருகில் வைத்துப் பார்க்க வாய்த்தது அங்கேதான். பாடசாலையில் யாரோ சொன்ன இந்தச் சூத்திரத்தை நம்பி ஒரு பழத்தின் முட்களை எண்ணினேன். ஐம்பது. அப்படியென்றால் அறுபது சுளை இருக்க வேண்டும். வாப்பா வெட்டினார். நாற்பத்து மூன்றுதான் இருந்தது. "பாட்டுப் பிழையா வாப்பா?" என்று கேட்டேன். "பழம் பாட்டுப் படிச்சிட்டா காய்க்குது, மகன்?" என்றார். ஒரு பழத்தை வைத்து ஒரு நூலைத் தீர்ப்பிட முடியாதுதான். எனினும், வெட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பழம் எனக்குக் கற்றுத் தந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் எமது மாவட்டக் கரையிலேயே உண்டு. பிரித்தானியர் காலத்தில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பகுதிகளில் நடந்த முத்துக்குளிப்பில் கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் சுழியோடினார்கள். எடுத்த முத்துக்களை வெவ்வேறு அளவுத் துளைகளிட்ட பித்தளைக் கூடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். பின்னர் மஞ்சாடியில் நிறுத்தார்கள். அந்த நிறையை அதே நிறையால் பெருக்கி, அதில் முக்காற் பங்கை எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்பிட்டார்கள். ஒரு முத்து இன்னொன்றைப் போல் இரு மடங்கு நிறையுடையதென்றால் அதன் மதிப்பு நான்கு மடங்கு.

முத்து கடலில் கிடைத்தது. இந்தக் கணக்கு கடலில் கிடைத்ததல்ல. பெரிய முத்து அரிது என்பதை அறிந்த வியாபாரிகள் உண்டாக்கியது அது. அவர்கள் வேறொரு முறையை வைத்திருந்தால் கடல் மறுத்திருக்கப் போவதில்லை. ஆனால் நிறையை நிறையால் பெருக்குவதென்று ஒருமுறை ஒப்புக்கொண்ட பிறகு, இரண்டு நான்காவதையும் மூன்று ஒன்பதாவதையும் எந்தப் பெரிய முதலாளியாலும் தடுக்க முடியாது. விதியைத் தெரிவது எம் கையில். அதன் விளைவு எம் கையில் இல்லை.

ராமானுஜனின் தோழரான ஹார்டி, 1940இல் வெளிவந்த தமது நூலில், கணித உண்மை எமக்கு வெளியே இருக்கிறது, நாம் அதைக் காண்கிறோம் என்ற கட்சியை எடுத்தார். வட்டப் பரப்பு விதியைப் பார்க்கும்போது அவர் சொல்வது சரியெனப்படும். காரி நாயனார் பிறக்காவிட்டாலும் அந்த விதி அப்படியே இருந்திருக்கும். ஆயினும் அது தட்டையான தளத்துக்குரியது. ஒரு பந்தின் மேல் பெரிய வட்டத்தை வரைந்தால் பிசகிவிடும். எந்தத் தளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெரிவு இங்கும் எம்முடையதே.

கணக்கதிகாரத்தின் மீதான எனது விமர்சனம் இங்கேதான் வருகிறது. முந்திரி மனிதர் வைத்துக் கொண்ட ஏற்பாடு. வட்டவிதி நிரூபிக்கத்தக்க உண்மை. பலாச்சூத்திரம் வெட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டிய ஊகம். மூன்றையும் நூல் ஒரே குரலில், ஒரே உறுதியுடன் சொல்கிறது. மனனத்துக்கு உதவிய ஓசையே ஊகத்துக்கும் உண்மையின் தோற்றத்தைக் கொடுத்துவிட்டது. செய்யுளின் பலமும் பலவீனமும் ஒன்றாகவே நிற்கும் இடம் இது.

இது பழைய நூலோடு முடிந்துபோன விடயமல்ல. 1974இல் றஷாத் கலீபா, குர்ஆன் முழுவதும் பத்தொன்பது என்ற எண்ணின் மேல் அமைந்துள்ளதாக அறிவித்தார். எம்மவர் சிலரும் வியந்து எழுதினர். பின்னர் தமது எண்ணிக்கைக்கு இடையூறாக நின்ற சூறா தௌபாவின் இறுதி இரண்டு வசனங்களையே அவர் மறுக்கத் துணிந்தார். உலமாக்கள் அவரை நிராகரித்தார்கள். சூத்திரமும் பழமும் ஒத்துவராதபோது சூத்திரத்தையே கைவிட வேண்டும். அவரோ இரண்டு சுளைகளைப் பழத்திலிருந்து பிடுங்கி வீசினார். தான் கொண்டுவந்த எண்ணைத் தான் கண்டெடுத்ததாக ஒருவன் நம்பத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

கணக்கதிகாரத்தை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். முந்திரியை ஏற்பாடாகவும், வட்டத்தை நிறுவலோடும், பலாவைக் கத்தியோடும் படிக்கட்டும். வெட்டிய பழத்தைச் சுளை எண்ணிய பின் பகிர்ந்து தின்னலாம்.